கடைசி இடம் முடிவன்று



தேர்வில் பின்தங்கிய பிள்ளையை நோக்கி, "இவன் இனித் தேறமாட்டான்" என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறு என்பதே என் கருத்து. சான்று ஒன்று கூறுவேன்.

ஐவர் ஐவராக அணிபிரிந்து கணினியில் ஆடும் விளையாட்டு 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்'. தென்கொரியாவின் டிஆர்எக்ஸ் அணி 2021ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்தில் 18 போட்டிகளுள் இரண்டில் மட்டுமே வென்று, பத்து அணிகளுள் கடைசியாய் நின்றது. 2022இல் அணி மாற்றியமைக்கப்பட்டும் கோடையில் ஆறாமிடமே கிட்டியது. தகுதிச் சுற்றில் போராடி வென்று, நாட்டின் நான்காம் அணியாக உலகப் போட்டிக்குள் நுழைந்தது. காலிறுதியில் முந்தைய ஆண்டின் வெற்றியாளரான சீனாவின் ஈடிஜி அணியிடம் முதலிரண்டு ஆட்டங்களை இழந்தது. அடுத்த மூன்றையும் வென்றது! நவம்பர் 5ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டி1 அணியை 3–2 என வீழ்த்தி வாகை சூடியது. அவ்வணியின் டெஃப்ட் என்னும் கிம் ஹியுக்-கியு 2013 முதல் ஆடி வந்தவர். அன்றுதான் முதன்முறையாக உலகக் கோப்பையை ஏந்தினார்.

நாள் முழுதும் திரைமுன் அமர்க என்று நான் கூறவில்லை. மாணவர்களே, குறைந்த மதிப்பெண் பெற்ற விடைத்தாளை மறைக்காதீர். தவறிய கணக்கை மீண்டும் செய்து பாருங்கள்.

பெற்றோர்களே, மழையால் ஒருநாள் பால்மரம் வெட்ட இயலாமற்போனால் தோட்டத்தையே கைவிடுவோமா? மறுநாள் விடியலில் மீண்டும் செல்கிறோமன்றோ! அந்தப் பொறுமையை நம் பிள்ளையிடமும் காட்டுவோம்.