குலுக்கல் முடிந்த பிறகு கண்ட கனவு

அண்மையில் பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபத்தில் சமயச் சொற்பொழிவு. பேச்சாளர் பெயர் வேண்டாம். ஊர் ஊராக இதே பேச்சைச் சுமந்து போகிறவர். திரையில் இடப்பக்கம் நடராசர், வலப்பக்கம் வாயில் பைப்போடு வானியலாளர் எட்வின் ஹபிள். "அண்டம் விரிகிறது என்று 1929-இல் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததை மாணிக்கவாசகர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பாடி வைத்துவிட்டார்" என்றதும் மண்டபமே கைதட்டியது. நான் வீடு வந்து சேர்வதற்குள் காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகன். துறைமுகத்தில் பொறியாளர். படிக்காதவர் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

பேச்சாளர் காட்டியது திருவாசகத்தின் மூன்றாவது பகுதியான திருவண்டப் பகுதியை. எண்ணிலடங்கா அண்டங்கள் பரந்து கிடந்தாலும், வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசியைப் போல அவை இறைவன் முன் சிறுத்துப்போகின்றன என்கிறது அது. எத்தனை பெரிய கற்பனை! ஆனால் அண்டம் விரிந்து கிடப்பது வேறு, விரிந்துகொண்டே போவது வேறு. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகுகின்றன, எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம் என்பதுதான் 1929-இன் சேதி. ஹார்வர்டில் ஹென்றியட்டா லீவிட் துடிக்கும் விண்மீன்களைக் கொண்டு தொலைவை அறிய வழி காட்டினார். வெஸ்டோ ஸ்லிஃபர் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வேகத்தை அளந்தார். ஹபிள் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தார். இதில் எது பாட்டில் இருக்கிறது?

நம்மூரில் நாலு நம்பர் எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குலுக்கல் முடிந்து நம்பர் வெளியான பிறகு, "அட, இது என் கனவில் வந்ததே!" என்பார்கள். சீட்டைக் காட்டு என்றால் சீட்டு இருக்காது. முன்னோர் அறிவியலும் அந்த ஜாதிதான். 1948-இல் பிரெட் ஹாயில் போன்றவர்கள், அண்டத்துக்குத் தொடக்கமே கிடையாது, அது என்றும் ஒரே நிலையில்தான் இருக்கிறது என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார்கள். அது ஜெயித்திருந்தால் நம் பேச்சாளர் சளைத்திருப்பாரா? பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்கிறதே சைவ சித்தாந்தம்! நடராசருக்குப் பக்கத்தில் ஹாயில் படம் வந்திருக்கும், கைதட்டலும் குறைந்திருக்காது. எந்த விடை வந்தாலும் பொருந்துகிற பாட்டு, எந்த விடையையும் சொல்லவில்லை.

இவர்களுக்கெல்லாம் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார். அண்டம் விரிகிறது என்பதை ஹபிளுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1927-இல், கணக்குப் போட்டு எழுதியவர். எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931-இல் சொன்னவரும் அவரே. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், நவீன அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்று பூரித்துப் பேசினார். பாதிரியார் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? சங்கடப்பட்டார். வேதத்துக்கு என் கணக்கைச் சாட்சியாக இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்ப ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டு வானியலாளர்கள் முன் பேசியபோது போப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண்டுபிடித்தவரே, அதுவும் அங்கி போட்ட பாதிரியாரே, தன் வேதத்துக்குப் பங்கு கேட்கவில்லை. கண்டுபிடிப்பில் துரும்பைக்கூட அசைக்காத நாம் முழுப் பங்கும் கேட்கிறோம்.

அப்போ ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் வாசலில் நடராசர் சிலை எதற்கு என்பார் அண்ணன். 2004 ஜூனில் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது, அதற்கு. விஞ்ஞானிகள் சிவனைக் கண்டு சரணடைந்து வைத்ததல்ல. அதே செர்னின் சி.எம்.எஸ். ஆய்வில் நம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அதை யாராவது குழுவில் அனுப்பினார்களா? வராது. வருவது, திருநள்ளாற்றுக்கு மேலே பறக்கும்போது நாசா செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறது என்ற கதை. விநாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடுவதால்தான் அது விழாமல் இருக்கிறது. நின்றால் சனீஸ்வரன் தலையிலேயே வந்து விழும்.

பிரிக்பீல்ட்சிலிருந்து காரில் சற்று நேரம் போனால் தேசியக் கோளரங்கம், நீலக் கூரையோடு நிற்கிறது. ஜாதகக்காரரிடம் பிள்ளையின் கிரகநிலை கேட்க வரிசை பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் பிள்ளைக்கு ஒரு கிரகத்தைக் காட்டியிருக்கிறார்கள்? பத்திரிகையைப் பிரித்தால் ராசிபலனுக்கு இடம் உண்டு. வானியலுக்கு, கிரகணம் வந்தால் ஒரு மூலை, அதிலும் பாதி கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை. எஸ்.பி.எம். முடித்த பெண் இயற்பியல் படிக்கிறேன் என்றால், "படிச்சிட்டு டியூஷன் எடுக்கப் போறியா?" என்று கேட்பதும் இதே பெருமைமிகு தமிழர்கள்தான். ஹபிளோடு இரவெல்லாம் குளிரில் விழித்திருந்து ஒளித்தட்டுகளைப் பதித்த மில்டன் ஹியூமசன், பதினான்கு வயதோடு பள்ளியை விட்டவர். வானாய்வகம் இருந்த வில்சன் மலைக்குக் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றியவர். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அல்லவா அது? அவர்களிடம் போய், "எல்லாம் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது தம்பி, நீ தூங்கு" என்கிறோம்.

விஞ்ஞானிகள் தப்பே செய்யாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஹபிள் சொன்ன விரிவு வேகம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம். அந்தக் கணக்குப்படி அண்டத்தின் வயது பூமியின் பாறைகளுடையதைவிடக் குறைந்துவிட்டது! சிரித்தார்கள், திருத்தினார்கள்; இன்று 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள். தப்பு என்று காட்ட வழியிருந்ததால் திருத்த முடிந்தது. திருவாசகத்தை அறிவியலின் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர், நாளைக்கு ஹபிள் வரைபடம் மாறினால் மாணிக்கவாசகரையும் திருத்துவாரா? லெமேத்ர் பயந்தது இதற்குத்தான். அவருக்கு வேதத்தின் மீது இருந்த மரியாதையில் பாதி நமக்குத் திருவாசகத்தின் மீது இருந்தால் போதும்.

சரி, ஒரு வாய்ப்புத் தருவோம். ஆதி ஒளியின் எச்சத்தைக் கொண்டு கணக்கிட்டால், 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விநாடிக்கு 67 கிலோமீட்டர் விரிவு வருகிறது. விண்மீன்களைக் கொண்டு அளந்தால் 73. எது சரி என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அண்டத்தில் ஏறக்குறைய 68 விழுக்காடாக இருக்கும் இருள் ஆற்றல் என்னவென்றும் யாருக்கும் தெரியாது. பேச்சாளர் அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டுக்கும் விடையைப் பாட்டிலிருந்து எடுத்துத் தரட்டும்; நோபல் பரிசுப் பணத்தைக் கோவில் திருப்பணிக்கே கொடுத்துவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.