வயிற்றைச் சுருக்கியவர்களை யார் பார்த்துக்கொள்வது?

மதுரை, கோவை, திருச்சி என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அந்த விளம்பரப் பலகை கண்ணில் படுகிறது. இடது பக்கம் பருத்த உடலோடு தலைகுனிந்து நிற்கும் ஒருவர். வலது பக்கம் அதே ஆள், தொளதொளத்துப்போன பழைய பேன்ட்டின் இடுப்பை இழுத்துப் பிடித்தபடி சிரிக்கிறார். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டே சொற்கள். கீழே ஒரு தொலைபேசி எண், மாதத் தவணை வசதி உண்டு என்று ஒரு வரி. அந்த ‘பின்’ என்பது இருபது, முப்பது ஆண்டு வாழ்க்கை. அத்தனை ஆண்டுகளும் அந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்த மருத்துவமனையிடமும் பதில் இல்லை, காப்பீட்டு நிறுவனத்திடமும் இல்லை, அரசிடமும் இல்லை.

இந்த அறுவை சிகிச்சைக்கு எதிராக நான் எழுதவில்லை. உடல் பருமன் ஒரு நோய். தீனி ஆசையோ சோம்பேறித்தனமோ அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9 சதவீதமாகத்தான் இருந்தது. இவர்களில் மிகச் சிலருக்கே ஆபரேஷன் தேவைப்படும். ஆனால், தேவைப்படுகிறவர்களுக்கு அது உண்மையிலேயே மறுவாழ்வு. சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது, ரத்தக் கொதிப்பு தணிகிறது, தூக்கத்தில் மூச்சு அடைப்பது குறைகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருப்பதை 2007-இல் உலகுக்குக் காட்டியது. ஆகவே, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை.

அறந்தாங்கிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்தடி ஓர் அங்குல உயரம். ஆபரேஷனுக்கு முன் எடை 94 கிலோ. காலையும் இரவும் இன்சுலின். டவுன் பஸ்ஸில் இவர் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து நிற்பாராம். அளவு எடுக்கக் குனிந்தால் நிமிர முடியாது. கடைசியில் முழங்கால் வலி தாங்காமல் பாதி நாள் கடையைச் சாத்திவிடுவார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்தான் விசாரித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இரைப்பை பைபாஸ் முறையில் ஆபரேஷன். மூன்றரை லட்சம் ரூபாய். காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட, நகையை அடகு வைத்துத்தான் கட்டினார்கள்.

முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போனது. இன்சுலின் நின்றது. எடை 63 கிலோவுக்கு இறங்கியது. ஒரு இட்லியை அரை மணி நேரம் மென்று சாப்பிடப் பழகினார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதையும் பழகிக்கொண்டார். கல்யாண வீட்டில் இலையில் பாதிச் சோறு மிஞ்சும்போது “சமையல் பிடிக்கலையா?” என்று கேட்பவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். நான்காம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இது பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தனக்குப் பெரிய நோய் வந்துவிட்டதென்று பல நாள் அழுதிருக்கிறார்.

மூன்றாம் வருடம் கால் மரத்துப்போனது. “தம்பி, பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். துணி பாட்டுக்கு ஓடும், நிறுத்தத் தெரியாது. ஒரு தடவ விரல்லயே ஊசி ஏறிடுச்சு” என்று நகத்தின் ஓரத்தில் இருந்த தழும்பைக் காட்டினார்.

உள்ளூர் கிளினிக்கில் ‘பழைய சர்க்கரை, நரம்பைப் பாதித்திருக்கும்’ என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் அந்த வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். புதிதாக இணைத்த இடத்தில் புண் வரலாம். அது எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை, வாங்கிச் சாப்பிட்டவருக்கும் தெரியவில்லை. சென்னைக்குப் போன் போட்டால், ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டாராம். ‘புதிதாகப் பதிவு செய்து, ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று பதில். கடைசியில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பொறுமையாகக் கதை கேட்ட இளம் மருத்துவர்தான் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். மாதக்கணக்கில் போட்ட பிறகு ஒரு காலில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. இன்னொரு காலில் பெருவிரல் இன்னும் மரத்தே கிடக்கிறது. பி12 ஊசி ஒன்றும் விலை உயர்ந்த மருந்தல்ல. அவர் இழந்ததெல்லாம் தாமதத்தால் இழந்தது.

அவருடைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். எத்தனை ஸ்டேப்ளர் போட்டார்கள், குடலை எத்தனை சென்டிமீட்டரில் திருப்பி இணைத்தார்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: ‘கன்டினியூ மல்டிவைட்டமின்ஸ்’. எத்தனை நாளைக்கு, எதற்காக, விட்டால் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆன அந்த மாத்திரைகளை, ‘அதான் சர்க்கரை போயிடுச்சே’ என்று இரண்டாம் வருடம் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பைபாஸில், இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் வழியாக உணவு போவதே இல்லை. பி12 உடலில் சேரத் துணைபுரியும் இரைப்பைச் சுரப்பும் போதிய அளவு கிடைப்பதில்லை. ஈரலில் இருக்கும் பழைய சேமிப்பு சில ஆண்டு தாக்குப்பிடிக்கும். பிறகுதான் குறை தெரியும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறையிலும் இதே ஆபத்து ஓரளவு உண்டு. அதனால்தான் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை. பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எதுவுமே மருத்துவ உலகில் ரகசியமல்ல.

இன்னோர் ஆபத்தைப் பற்றி ஊர்ப்புற மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் அவசியம் பேச வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும். எதுவும் உள்ளே தங்காது. அப்போது உடலில் பி1 என்னும் தயமின் வேகமாகக் காலியாகிறது. நம் ஊர் வழக்கப்படி, வாந்தி எடுத்துச் சோர்ந்து வருபவருக்கு முதலில் என்ன செய்வோம்? குளுக்கோஸ் ஏற்றுவோம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் ஒரு நிலையில் நிற்காது, நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தப்பும். நிரந்தரமாகவும் ஆகிவிடலாம். ‘எனக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போடவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை அந்த நோயாளியின் பர்ஸில் இருந்தால் இந்த விபரீதத்தைத் தடுக்க முடியும். அதை அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னையை ஒட்டிய தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தபோது தமிழகமே அதிர்ந்தது. சுகாதாரத் துறை விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு ஈடே இல்லை. தேர்ந்த மையங்களில் ஆபரேஷன் மேஜை மரணம் மிக அரிது. நூற்றில் ஒன்றுக்கும் மிகக் கீழே. ஆனால் கால் மரத்துப்போனவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், ரத்தம் வற்றி வெளிறிப்போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு அரசுப் பதிவேடே இல்லாதபோது விசாரணைக் குழு எங்கிருந்து வரும்?

காப்பீட்டு நிறுவனம் அக்காவுக்குக் கைவிரித்ததற்கும் ஒரு விதியைத்தான் காட்டியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, உடல் நிறை குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ, 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, அதோடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்று குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். அக்காவுக்கு 39. இரண்டு வேளை இன்சுலின் போட்டும் ‘கட்டுக்கடங்காத சர்க்கரை என்பதற்கு ஆதாரம் போதாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய்கள் வருகின்றன என்பதால் 37.5, நோய் இருந்தால் 32.5 என்பதே நம் நாட்டு மருத்துவப் பரிந்துரையாக இருந்து வந்தது. 2022-இல் அமெரிக்க, பன்னாட்டு மருத்துவர் சங்கங்கள் அதையும் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. நம் பாலிசிகள் மட்டும் பழைய கோட்டைப் பிடித்துத் தொங்குகின்றன. எடை இறங்கியபின் தொங்கும் தோலில் புண்ணும் படையும் வந்தாலும், அதை அகற்றுவது அழகு சிகிச்சை என்று ஒதுக்கப்படுகிறது.

இப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆபரேஷன் செய்த மருத்துவமனையிடம் எழுதிக் கேட்டால், முழு மருத்துவ ஆவணத்தையும் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை. மூன்றாண்டு வரைதான் பாதுகாத்து வைக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. அதனால், இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், தனி ஆள் ஓடி ஓடித் தீர்க்கிற விஷயமல்ல இது. பிரிட்டனில் ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு அதே மையம் பொறுப்பேற்க வேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் குடும்ப மருத்துவர் கண்காணிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி இருக்கிறது. இங்கேயும் பேக்கேஜ் தொகையிலேயே இரண்டு ஆண்டுப் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் அடங்க வேண்டும். அப்படிச் செய்யாத மருத்துவமனைக்கு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இந்த ஆபரேஷனுக்கு அனுமதி தரக் கூடாது. ஒவ்வொரு ஆபரேஷனையும் மாநிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அந்தத் தயமின் அட்டை இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தொடர் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. எங்கே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாலும், காப்பீட்டு அட்டைதாரர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை அதன் வழியே கிடைக்க வேண்டும். பாலிசி விதியை மாற்றுவது ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். மாநில அரசு அதற்கு அழுத்தம் தர வேண்டும்.

மருந்துக்கு வழி ஏற்கெனவே வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அக்காவின் தெருவுக்கும் அந்த ஊழியர் வருகிறார். முன்பு இவர் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தவர்தான். சர்க்கரை சரியாகிவிட்டதும் பட்டியலில் இருந்து அக்காவின் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது பக்கத்து வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு, “நல்லா இருக்கீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பையில் பி12-ஐயும் கால்சியத்தையும் இரும்பையும் சேர்க்க வேண்டும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பெயர்களைத் திரும்பப் பட்டியலில் ஏற்ற வேண்டும். புதிய திட்டம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். சுகாதாரத் துறையின் ஓர் அரசாணை போதும். அதை இந்த நிதியாண்டுக்குள்ளேயே வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம்.