கப்பல் சங்கு கேட்காத கச்சேரி மண்டபம்

ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு துறைமுக நகரம். அக்கா மகள் அங்கே குடித்தனம் இருப்பதால் எனக்கும் அந்த ஊரைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. துறைமுகம் என்றதும் சென்னை மாதிரி அலையடிக்கும் கடலை எதிர்பார்த்துவிடாதீர்கள் சகோதரிகளே. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். எல்பே ஆற்றின் வழியாகத்தான் மலை மலையாகக் கப்பல்கள் ஊருக்குள்ளேயே வந்து நிற்கின்றன!

ஆற்றங்கரையில் 1960-களில் கட்டிய ஒரு செங்கல் கிடங்கு. கோகோ, தேயிலை, புகையிலை மூட்டைகளை அடுக்கி வைத்த இடம். அதன் தலைமேல் அலை அலையாக ஒரு கண்ணாடி மாளிகையை எழுப்பி, 2017 ஜனவரியில் 'எல்ப்ஃபில்ஹார்மோனி' என்ற சங்கீத மண்டபமாகத் திறந்தார்கள்.

வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நகரத்தின் பங்கு 7 கோடியே 70 லட்சம் யூரோ என்று போட்ட கணக்கு, 78 கோடியே 90 லட்சத்தில் போய் நின்றது. 2010-ல் முடிக்க வேண்டியது, ஏழு வருஷம் இழுத்தது வேறு. அக்கா மகள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் ஜெர்மன் பாட்டிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "எங்கள் வரிப்பணம்" என்று முணுமுணுத்தபடி இதுவரை அந்தப் பக்கமே போகவில்லையாம். மாசக் கடைசியில் சில்லறையை எண்ணுகிற நமக்கு அந்தக் கோபம் புரியாதா? அப்படி என்னதான் கட்டிவிட்டார்கள், பார்க்கலாம் என்றுதான் நானும் கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததும் 82 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு. நடுவில் லேசாக வளைந்திருப்பதால் ஏறும்போது முடிவு தெரியாது. அப்புறம் 37 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைச் சுற்றி ஒரு தாழ்வாரம். கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவர்களும் இங்கே வந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். புடவையைக் காற்று படுத்துகிற பாட்டில் இரண்டு கையும் போதவில்லை.

மண்டபத்தில் சுமார் 2,100 பேர் உட்காரலாம். வாத்தியக்காரர்கள் நடுவில், சுற்றிலும் மாடி மாடியாக ஜனங்கள். எங்களுடையது மலிவு டிக்கெட், உச்சாணிக் கொம்பில் இடம். ஆனால் எந்த நாற்காலியும் நடத்துனரிடமிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. சுவர் முழுக்கப் பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாகப் பலகைகள், சுமார் பத்தாயிரம். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. சத்தம் ஓரிடத்தில் குவியாமல் எல்லாக் காதுக்கும் பரவ, ஜப்பானிய நிபுணர் யசுஹிசா டொயோட்டா செய்த ஏற்பாடு. மண்டபமோ 362 ஸ்பிரிங் தொகுதிகள் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தாழ்வாரத்தில் காதைத் துளைத்த கப்பல் சங்கு உள்ளே கேட்கவே இல்லை.

அன்றைக்கு பிராம்ஸின் முதல் சிம்பனி. 1833-ல் இதே ஊரில் பிறந்தவர். இதை முடிக்க அவருக்குச் சுமார் இருபது வருஷம் பிடித்து, 1876-ல்தான் அரங்கேறியதாம். (அந்த ஊர் ராசி போலிருக்கிறது!) எனக்கு அந்தச் சங்கீதத்தில் ஞானம் பூஜ்யம். இருந்தாலும் வயலின்கள் கிசுகிசுவென்று ஆரம்பித்தால் அதுவும் காதருகில் கேட்கிறது.

ஒரு எச்சரிக்கை. இருமினால் அதுவும் அத்தனை துல்லியமாகக் கேட்கும்! குளிர் ஊரில் தொண்டை வறண்டுவிடும். முன்னாடியே வெந்நீர் குடித்து, இரண்டு கல்கண்டைக் காகிதத்தைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சரசரப்பு கூடாது. தலையாட்டலாம், தொடையில் தாளம் போடக் கூடாது. நான்கு பாகமும் முடிந்தபிறகுதான் கைதட்டல்.

கணக்கு எனக்கு இன்னமும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் காசு குறைந்த இடத்துக்கும் குறையாமல் சங்கீதம் வந்து சேர்ந்ததே, அதைப் பாட்டியிடம் போய்ச் சொன்னேன், அக்கா மகள் மொழிபெயர்த்தாள். "டிக்கெட் என்ன விலை?" என்று கேட்டுவிட்டு, பாட்டி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஷ்பைசர்ஷ்டாட் போனோம். வாய்க்கால்களின் ஓரம் காபியும் மிளகும் ஏலமும் காத்த பழைய கிடங்குத் தெருக்கள். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வெண்ணெயும் பட்டையும் மணக்கும் 'ஃபிரான்ஸ்ப்ரோட்ஷென்' ரொட்டியைத் தின்றுகொண்டே நடக்கலாம். ஆற்றுக்கடியில் 1911-ல் கட்டிய சுரங்கப்பாதையும் உண்டு, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வர. துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். 62-ம் நம்பர் படகு பஸ் மாதிரிதான். ரயிலுக்கு வாங்கும் நாள் டிக்கெட்டே அதற்கும் செல்லும்.