ஹைஸ்கூல் வாசலில்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் புஸ்தகக் கடைகளிலும் தையற் கடைகளிலும் கூட்டம் தாங்குவதில்லை. புதுச் சட்டை, புதுப் பை, நோட்டுப் புஸ்தகங்களுக்குப் பழுப்புக் காகித அட்டை இவையெல்லாம் வெகு சிரத்தையுடன் தயாராகின்றன. முதல் நாள் மாலை பையன் வீடு திரும்பியதும், "புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "நன்றாயிருக்கிறது" என்று அவன் சொல்லுகிறான். அத்துடன் விசாரணை முடிந்தது. அடுத்த விசாரணை காலாண்டுப் பரீட்சையின் மார்க்கு வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்போது கேட்கும் குரலும் வேறாயிருக்கும்! இவ்விரண்டு விசாரணைகளுக்கும் இடையே உள்ள மூன்று மாதத்தைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

நமது கிராமங்களில் அநேகம் பள்ளிகள் எட்டாம் வகுப்புடன் நின்றுவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்புக்குக் குழந்தை பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். பழைய பள்ளியில் அவன்தான் பெரிய பையன். மணி அடிப்பதும் பிரார்த்தனை நடத்துவதும் அவன் பொறுப்பு. இங்கே அவனுடைய பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புதிய முகம். சில வீடுகளில் இந்தச் சமயம் பார்த்துத் தமிழில் படித்து வந்தவனை இங்கிலீஷ் வகுப்பிலும் தள்ளிவிடுகிறார்கள். பின்னமும் தசமமும் ஐந்தாம் வகுப்பிலேயே அவனுக்குப் புரியாமற் போயிருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை யாரும் அவனை நிறுத்திவைக்கவில்லை. ஆகவே அந்தக் குறை வெளிப்படாமல் அவனுடனேயே ஹைஸ்கூலுக்கு வந்து சேருகிறது.

இப்படித் திகைத்து நின்ற ஒரு மாணவரைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். மகாத்மா காந்தி ராஜ்கோட் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு விவாகம் நடந்து, அதனால் ஒரு வருஷப் படிப்பு வீணாயிற்று. அதை ஈடு செய்வதற்காக உபாத்தியாயர் ஒருவர் அவரை மூன்றாவது வகுப்பில் ஆறு மாதம் மட்டும் வைத்து, நாலாவது வகுப்புக்கு ஏற்றிவிட்டார். அங்கே பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில் நடந்தன. க்ஷேத்திர கணிதமோ அவருக்குப் புதிய பாடம். ஆசிரியர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். மாணவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. பழைய வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்றுகூடப் பன்முறை எண்ணியதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தம்மை நம்பிச் சிபார்சு செய்த உபாத்தியாயருக்கு அவமானம் நேருமே என்ற எண்ணம் அவரைத் தடுத்தது. விடாமல் முயன்று யூக்ளிடின் பதின்மூன்றாவது தேற்றத்தை எட்டியபோது, இது வெறும் தர்க்க புத்தியின் காரியந்தானே என்று திடீரென்று தெளிவு பிறந்தது. அதன் பிறகு அந்தப் பாடம் அவருக்குச் சுலபமாயிற்று.

ஆறாவது வகுப்பில் மறுபடியும் ஒரு சோதனை வந்தது. சம்ஸ்கிருத ஆசிரியர் கண்டிப்பானவர். பாரசீக வகுப்போ எளிது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். காந்தியும் ஒரு நாள் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். சம்ஸ்கிருத ஆசிரியரான கிருஷ்ணசங்கர் பாண்டியா அவரைத் திட்டவில்லை. அருகில் அழைத்து, கஷ்டம் இருந்தால் தம்மிடம் வந்து கேட்கும்படி அன்புடன் சொன்னார். மாணவர் வெட்கமடைந்து பழைய வகுப்புக்கே திரும்பினார். அந்த ஆசிரியரைப் பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பாடம் புரியவில்லை என்று ஒரு பையன் சொல்லுவது சோம்பலின் அடையாளம் அல்ல. சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆகையால் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலேயே தகப்பனாரோ தாயாரோ அவனருகில் உட்கார்ந்து, "இந்த வாரம் எந்தப் பாடம் புரியவில்லை?" என்று கேட்க வேண்டும். மார்க்கைப் பற்றி அப்போது பேச்சே கூடாது. பதில் வந்ததும் டியூஷன் வாத்தியாரைத் தேடி ஓடவும் வேண்டியதில்லை. முதலில் வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்துப் பேசுவது மேல். பெற்றோருக்குப் படிப்பில்லை என்றால் அதனால் கூச்சப்பட வேண்டாம். ஆசிரியர் எதிர்பார்ப்பது பெற்றோரின் பாண்டித்தியத்தை அல்ல, அக்கறையைத்தான். வீட்டில் தினந்தோறும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் டெலிவிஷனையும் கைப்பேசியையும் மூடிவைக்கும் வழக்கம் வந்துவிட்டால் அது அநேகம் டியூஷன்களுக்குச் சமானமாகும்.

அடுத்தது, வருங்காலத்தைப் பற்றிய யோசனை. நமது தாத்தாமார்கள் இதில் சொல்லும் புத்திமதி சில சமயம் பொருந்துவதில்லை. அவர்கள் காலத்தில் பதினோராம் வகுப்புடன் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தது, காலேஜில் சேர்ந்த பிறகே பாதை பிரிந்தது. 1978-இல் பிளஸ் டூ ஏற்பாடு வந்த பின், பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே 'குரூப்' என்னும் பாடப் பிரிவைப் பொறுக்க வேண்டியதாயிற்று. பதினைந்து வயதில் செய்யும் அந்தத் தேர்வினால் சில கதவுகள் திறக்கின்றன. சில கதவுகள் ஓசையின்றி மூடிக்கொள்கின்றன.

கதவுகளின் கடுமைக்குக் கும்பகோணத்திலேயே சாக்ஷி உண்டு. டவுன் ஹைஸ்கூலில் கணிதத்தில் ஒளிவிட்ட ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் சர்க்கார் காலேஜில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து 1906-இலும் 1907-இலும் எப்.ஏ. பரீட்சை எழுதியும் தேறவில்லை. 1912-இல் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தா உத்தியோகம் கிடைக்கும் வரை அந்த மேதை பட்ட சிரமம் கொஞ்சமல்ல. மகா மேதைக்கே விதி தளரவில்லை என்றால் சாதாரணக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே குடும்பத்தார் சில விஷயங்களை அறிந்திருப்பது நலம். தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுப் பரீட்சை நீங்கிய பிறகு, என்ஜினீயரிங் சேர்க்கைக்குக் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் முறை வந்தது. வைத்தியத்துக்கு உயிரியல் வேண்டும். 2017 முதல் நீட் பரீட்சையும் சேர்ந்துகொண்டது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். ஆனால் சுமையும் அதிகம். கணக்குப் பதிவியலும் வணிகவியலும் எடுத்தவன் ஆடிட்டராகலாம். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். பத்தாம் வகுப்புடன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து டிப்ளமா பெற்றவன் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் நுழையலாம். பிளஸ் டூவில் ஒரு குரூப் கிடைக்காமற் போனதால் வாழ்க்கையே போயிற்று என்று அழுவது தவறு.

இன்னொரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். சர்க்கார் பள்ளியில் படித்த குழந்தைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கி 2020-இல் சட்டம் வந்தது. 2021-இல் என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அத்தகைய ஒதுக்கீடு வந்தது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "ஒன்பதாம் வகுப்பு ஆயிற்றே, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் போடுவோம்" என்று கௌரவத்துக்காகப் பள்ளியை மாற்றும் தகப்பனார், கடனையும் சுமந்து குழந்தையின் உரிமையையும் கைவிடுகிறார்! மாற்றுவதற்கு முன் ஒரு தடவை விசாரிப்பதில் நஷ்டம் என்ன?

வீட்டில் அடுத்த குழந்தை ஏழிலோ எட்டிலோ இருந்தால், எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய் வழித் திறன் பரீட்சையை மறக்கக் கூடாது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது இது. இதில் தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் என்று 2017-இல் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. மேலும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் முன்பே குழந்தையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சரியாயிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சர்டிபிகேட்டில் ஏறிய பிழையைத் திருத்துவதற்கு நடக்கும் நடையில் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்துபோகும்.

இதுவரை 'பையன்' என்றே எழுதி வந்தோம். பெண்ணுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். இன்னும் ஒரு படி அதிகமாகவே பொருந்தும். மேல்நிலைப் பள்ளி தூரத்தில் இருக்கிறது, பஸ் இருட்டிய பிறகு வருகிறது என்ற காரணங்களால் பத்தாம் வகுப்புடன் பெண்ணை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பெண்ணின் படிப்பை நிறுத்துவதற்கு முன் பஸ்ஸின் நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்க்கலாமே! ஊரார் பத்துப் பேர் சேர்ந்து விண்ணப்பம் எழுதினால் டிப்போ அதிகாரியும் செவி சாய்ப்பார். ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து போனால் வழித்துணைக்கும் குறைவில்லை.

கடைசியாக, குரூப்பைப் பொறுக்க வேண்டியது யார்? மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு என்ஜினீயர் எல்லோரும் சொல்லட்டும், குழந்தை கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு வருஷம் அந்தப் புஸ்தகங்களுடன் இரவில் விழித்திருக்கப் போவது அந்தக் குழந்தைதான். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள், எதைத் தள்ளித் தள்ளி வைக்கிறாள் என்பதை ஒன்பதிலும் பத்திலும் கவனித்து வந்தால், பதினோராம் வகுப்பு வாசலில் சண்டைக்கே இடமிராது. அந்தக் கவனிப்பைப் பள்ளி திறந்த இந்த மாதத்திலேயே ஆரம்பிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.