முதலில் கணக்கு, பிறகு பாட்டரி

தேர்வு முடிந்த மறுநாள் மாலை நம் மன்றத்து நண்பர்கள் சிலர் தேவ்நாரில் கூடிப் பேசினோம். பழைய வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கொங்கணக் கடற்கரை வழியே தெற்கே போவது. வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்குவது என்பது திட்டம். 2021-இல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே வகுத்துவிட்டது. அதே ஆண்டில் கேரளமும் அவ்வழியில் இறங்கியது. நமக்கும் ஆசை வந்ததில் வியப்பென்ன?

விளக்கு வேண்டும், விசிறி வேண்டும், குளிர்ந்த மோர் வேண்டும், மீன் கெடாமல் இருக்க வேண்டும் எனக் கோரிக்கைகள் அடுக்கடுக்காய் எழுந்தன. “பெரிய பாட்டரியாக ஒன்று வாங்கிவிட்டால் போயிற்று!” என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

தோழர்களே, பாட்டரி ஒரு குடம் போன்றது. ஊற்றியதற்கு மேல் ஒரு துளியும் அதிலிருந்து வராது. ஆகையால் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிய பிறகே குடம் வாங்க வேண்டும். எண்ணிப் பார்ப்போமா?

ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. பதினைந்து வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 120. கைப்பேசிகளுக்கு 60 என்று வைப்போம். ஆக 280. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் நடுத்தரக் குளிர்ப்பெட்டி, அமுக்கி இயங்கும்போது 45 வாட் அளவில் இழுக்கும். கோடை வெயிலில், அடிக்கடி திறந்து மூடும் கூட்டத்தில், அது நாளில் பாதி நேரமாவது ஓடும். அதற்கு 540. மொத்தம் 820. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குளிர்ப்பெட்டிக்கே போகிறது!

வரவு என்ன? நூறு ஆம்பியர்-மணி கொண்ட பன்னிரண்டு வோல்ட் ஈயப் பாட்டரியில் பெயரளவில் 1,200 வாட்-மணி உண்டு. ஆனால் அதைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 600. நம் செலவுக்கு அது போதாது; இரண்டு வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஆளின் எடை! லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி எடையில் பாதியும் இராது. ஐந்தில் நான்கு பங்கு வரை அச்சமின்றி எடுக்கலாம். ஆனால் மாணவர் பணப்பை அதற்கு இடந்தருமா?

அன்றைய கூச்சலில் ஒரு நண்பர் மட்டும் பேசாமல் இருந்தார். கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார். “எனக்கு நாள்தோறும் இன்சுலின் வேண்டும். வழியில் அதற்குக் குளிர்ச்சி உறுதியாகக் கிடைக்குமா? கிடைக்காதென்றால் நான் வரவில்லை” என்றார். அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.

அதுவரை குளிர்ப்பெட்டியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அவர் சொல் என்னைத் திருத்தியது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த மருந்தில் பெரும்பாலான வகைகள், சூடு 30 டிகிரியைத் தாண்டாதவரை நான்கு வாரமளவு தாங்கும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் அந்த 30 டிகிரி எங்கே? பனிக்கட்டியின் மேல் வைக்கலாமா என்றால், உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. சூட்டைத் தானே அளந்து ஓடும் பெட்டிதான் அதற்குப் பாதுகாப்பு.

ஆகவே என் யோசனை இது: குளிர்ப்பெட்டி அவருக்கு, பனிக்கட்டிப் பெட்டி நமக்கு. பதினைந்து லிட்டர் சிறு பெட்டி ஒன்று போதும். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் அதைத் திறக்கக்கூடாது. அது கால்பங்கு நேரமே ஓடும் என்று கொண்டால் 270 வாட்-மணி. மற்றவை 280. மொத்தம் 550. ஒரே பாட்டரியின் 600-க்குள் அடங்கிவிடுகிறது! மோருக்கும் மீனுக்கும் மும்பையின் கோளி மீன்காரப் பெண்கள் வழி காட்டுகிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கிவிடும். அதற்குக் கம்பியும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம்.

குடம் பகலில் நிரம்ப வேண்டும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் நிரப்பும்; கூரையில் சூரியத்தகடு இருந்தால் அதுவும் துணை செய்யும். மழைக்காலத்தில் தகட்டை நம்பிப் புறப்படுவது பேதைமை. வண்டியைக் கிளப்பும் பாட்டரியிலிருந்து விளக்குப் பாட்டரியைப் பிரித்தே வைக்க வேண்டும். இல்லையேல் காலையில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்! பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் அவசியம். ஈயப் பாட்டரி நிரம்புகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் காற்றோட்டமும் அவசியம்.

“ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு கணக்கா? கூடுதலாக ஒரு பாட்டரி வாங்கினால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்பார் உண்டு. அவர்களை நம் வட்டாரத்தைச் சற்றே சுற்றிப் பார்க்க அழைக்கிறேன். ஒரு புறம் 1956-இல் தொடங்கிய டிராம்பே அனல்மின் நிலையம். மறுபுறம் 1927 முதல் இம்மாநகரின் கழிவைச் சுமந்த தேவ்நார் குப்பைமேடு. 2016 சனவரியில் அது பற்றியெரிந்து நாட்கணக்கில் புகைந்தது. அப்புகை விண்ணிலிருந்து எடுத்த படத்திலும் தெரிந்தது. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கும் பொருள்கள் மடியும் இடத்துக்கும் நடுவே வாழ்கிறோம் நாம். “தூக்கி எறி” என்று ஊரார் சொல்லலாம். தேவ்நாரில் படித்தவன் சொல்லலாமா? எறிந்தது எங்கே போய் விழும் என்று கண்டவன் அன்றோ அவன்?

ஒவ்வொரு பாட்டரியும் ஒருநாள் சாகும். ஈயப் பாட்டரியைக் கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் ஈயத்தூள் காற்றிலும் மண்ணிலும் கலக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. பழையதை வேறு குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரிப்போரிடம் கொடுப்பது வாங்கியவரின் கடமை. பழைய இரும்புக்காரரிடம் நாலு காசுக்குத் தள்ளிவிடுவது கடமையைத் தள்ளிவிடுவதாகும்.

பாட்டரி ஒரு சிறு அரசின் கருவூலம். அதில் உள்ளது கொஞ்சம். கேட்கும் கைகளோ பல. உரக்கக் கேட்டவருக்கு அள்ளிக் கொடுத்தால் தேவையுள்ளவர் வீட்டில் தங்கிவிடுவார். முதலில் மருந்து, அடுத்து விளக்கு, பின்பு விசிறி, மிஞ்சினால் மற்றவை. சமூக நீதியை வகுப்பறையில் பேசும் நாம், பன்னிரண்டு வோல்ட்டில் அதைச் செய்து பார்ப்போமே!

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு தாளுடன் வாருங்கள். என்ன வேண்டும், எத்தனை வாட், எத்தனை மணி என்று எழுதி வாருங்கள். கூட்டிப் பார்ப்போம். கடைக்கு அதன்பின் போகலாம். அந்த நண்பருக்கு வண்டியில் ஓர் இடம் இப்போதே போட்டுவிட்டேன்.