கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா, சார்?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பெரிய படிப்பு ஸ்தலம். 1960-களின் நடுவில் ஒரு நாள். ஒரு செக்ரட்டரி அம்மாள், டைப்ரைட்டர் மாதிரி இருக்கும் ஒரு டெர்மினலின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய பாஸ், ஜோசப் வைஸன்பாம் என்ற பேராசிரியர். இவர் ஒரு வரி அடிக்க, மெஷின் பதிலுக்கு ஒரு வரி அடிக்கிறது. நாலைந்து வரி ஆகியிருக்கும். அந்த அம்மாள் திரும்பி, பாஸை அறையை விட்டுக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

பாஸை! நாம் சொல்லிவிட முடியுமா?

இதில் கூத்து என்னவென்றால், வைஸன்பாம் அந்த புரொகிராமை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர் அந்த அம்மாள். எதிரே இருப்பது வெறும் கம்ப்யூட்டர் என்று தெரியாதவர் இல்லை. தெரிந்தும் அதனிடம் தனியாகச் சொல்ல அவருக்கு ஏதோ இருந்தது. நடுவில் பாஸ் நந்தி மாதிரி.

அந்த புரொகிராமின் பெயர் எலிஸா. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணுக்குச் சீமாட்டி மாதிரி பேசக் கற்றுக்கொடுப்பார்களே, அந்த எலிஸா. மனிதர்கள் பேசுகிற பாஷையிலேயே பேசிப் பெயர் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் புரொகிராம். 1966 ஜனவரியில் அதைப் பற்றி வைஸன்பாம் கட்டுரை எழுதினார். இன்று ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு சாட்ஜிபிடியிடம் புலம்புகிறீர்களே, அந்த வம்சத்துக்குக் கொள்ளுப்பாட்டி.

பாட்டிக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. அதுதான் விசேஷம்.

நீங்கள் அடிக்கும் வாக்கியத்தில் சில சாவி வார்த்தைகளைத் தேடும். 'அம்மா', 'அண்ணன்', 'மனைவி' என்று ஏதாவது கிடைத்தால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று ஒரு போடு. 'எப்போதும்' என்று வந்தால், உதாரணம் ஒன்று கொடுங்களேன். 'என்' என்பதை 'உங்கள்' ஆக்கி, உங்கள் வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பி உங்கள் தலையில் கட்டும். ஒரு சாவியும் சிக்கவில்லை என்றால் 'ம்... மேலே சொல்லுங்க' ரகத்தில் ஒரு பதில். அவ்வளவுதான் சரக்கு.

வைஸன்பாமின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மெஷினுக்கு அவர் கொடுத்த வேஷம் மனநல டாக்டர் வேஷம். அதிலும் கார்ல் ரோஜர்ஸ் என்பவரின் வழியில் வருகிற டாக்டர்கள் அறிவுரை சொல்ல மாட்டார்கள். நோயாளி சொன்னதையே திருப்பிக் கேட்டு அவரையே பேச வைப்பார்கள். "நேத்து பீச்சுக்குப் போனேன்" என்கிறீர்கள். "பீச்சைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். இந்த ஆளுக்கு பீச் என்றால் என்னவென்றே தெரியாதோ என்று யாராவது சந்தேகப்படுவோமா? ஏதோ உள்ளர்த்தத்தோடுதான் கேட்கிறார் என்று நாமே சமாதானம் செய்துகொள்வோம். உலகத்தில் ஒன்றுமே தெரியாமல் பேர் வாங்கக்கூடிய உத்தியோகம் எது என்று யோசித்து, இதைப் பிடித்தார் மனிதர். (வேறு சில உத்தியோகங்களும் எனக்குத் தோன்றுகின்றன. ஆபீஸில் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியிருப்பதால் எழுதவில்லை.)

எலிஸாவைப் பார்த்துச் செய்த நகல்கள் நிறைய உண்டு. ஒன்றை நானும் பிடித்து உட்கார்ந்தேன். சம்பாஷணை இங்கிலீஷில்தான். உங்களுக்காகத் தமிழில்:

"எங்க மேனேஜர் என்னைக் கண்டுக்கறதே இல்லை."

"உங்கள் மேனேஜர் உங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்று ஏன் சொல்கிறீர்கள்?"

"எப்பவும் இப்படித்தான்."

"குறிப்பாக ஒரு சம்பவம் சொல்ல முடியுமா?"

"போகட்டும், விடு. மழை வர்ற மாதிரி இருக்கு."

"உங்கள் மேனேஜர் உங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்று முன்பு சொன்னீர்களே?"

எனக்கு ஒரு விநாடி சிலீரென்றது. மழையைச் சொல்லி நழுவப் பார்த்தவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்த மாதிரி! இத்தனைக்கும் இந்த தந்திரம் எனக்குத் தெரியும். 'என்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களில் சிலதை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, சொல்ல ஒன்றும் கிடைக்காத நேரத்தில் அதில் ஒன்றை எடுத்து வீசும். பழைய குழம்பைச் சூடு பண்ணிப் போடுகிற சமாசாரம். தெரிந்தவனுக்கே சிலீரென்றால், தனியாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை என்ன சொல்வது? பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், "இதெல்லாம் ஒரு பிரச்னையா?" என்று கேட்காமல், கடைசியாக யார் நீங்கள் சொன்னதைக் கேட்டார்கள்? யோசித்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

வைஸன்பாம் இதை ரசிக்கவில்லை. பயந்துபோனார். சாதாரணமான, புத்தி தெளிவாக உள்ள மனிதர்களை இவ்வளவு சின்ன புரொகிராம் இவ்வளவு சீக்கிரம் மயக்குமா என்று திகைத்தார். போதாததற்கு மனநல டாக்டர்களே கிளம்பினார்கள். கென்னத் கோல்பி என்ற டாக்டரும் சகாக்களும் அதே 1966-ல் எழுதியதைப் பாருங்கள். இந்த மாதிரி சிஸ்டம் ஒன்றை நன்றாக வளர்த்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனித்துவிடலாமாம். ரேஷன் கடை க்யூ கூட அந்த வேகத்தில் நகராது.

கோல்பி அதோடு நிற்கவில்லை. 1972-ல் பாரி என்று ஒரு புரொகிராமைக் கொண்டுவந்தார். இது டாக்டர் இல்லை, நோயாளி. எல்லோரும் தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிற கேஸ். அந்த வருஷமே ஸ்டான்ஃபோர்டில் இருந்த பாரியையும், இன்னொரு ஊரில் இருந்த எலிஸா வகை டாக்டர் புரொகிராமையும், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட் வழியாகப் பேசவிட்டார்கள். பாரி குதிரைப் பந்தயத்தையும் தன்னைப் பிடிக்காதவர்களையும் பற்றிப் புலம்ப, டாக்டர் மேலே சொல்லுங்கள், மேலே சொல்லுங்கள் என்று கேட்க, கடைசியில் பாரி விடைபெற்றபோது டாக்டர் ஃபீஸ் கேட்டது. 399 டாலர் 29 சென்ட்! சில்லறையைக் கூட விடவில்லை.

சிரித்தாயிற்று. வைஸன்பாமுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதற்கு அவருடைய ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். 1923-ல் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் குடும்பம் 1936-ல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தபோது அவருக்கு வயது 13. 1950-களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கணக்கு வழக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையில் இருந்தார். ஆகவே மெஷின் என்றாலே மூக்கைச் சிந்துகிற ஆசாமி இல்லை. ஆனால், மனிதரை மனிதராகப் பார்க்காமல் கச்சிதமாக நடக்கிற நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதை சின்ன வயசிலேயே பார்த்தவர்.

1976-ல் ஒரு புத்தகம் போட்டார். கம்ப்யூட்டரால் இது முடியுமா, அது முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, முடிந்தாலும் அதனிடம் கொடுக்கக்கூடாத காரியங்கள் உண்டு என்பது அவர் கட்சி. நீதிபதியின் நாற்காலி ஒன்று. மனநல டாக்டரின் நாற்காலி இன்னொன்று. 'செயற்கை அறிவு' என்ற பெயரையே சூட்டிய ஜான் மெக்கார்த்தி அந்தப் புத்தகத்தைக் கிழி கிழி என்று கிழித்து விமர்சனம் எழுதினார். அவர் தலைமுறைக்கு வைஸன்பாம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கூரையைப் பிரிக்கிற ஆள்.

யார் பக்கம் நியாயம்? என் ஓட்டு முக்கால்வாசி வைஸன்பாமுக்கு. மீதிக் கால்வாசியைக் கையில் வைத்திருக்கிறேன், அந்த செக்ரட்டரிக்காக. அவர் சொல்ல வந்ததைக் கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் டைப்ரைட்டரிடம் போயிருப்பாரா? இந்தக் கேள்வியை மெக்கார்த்தியிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. பாஸிடம்தான் கேட்க வேண்டும்.

இன்றைய மெஷின்கள் எலிஸா ரகமில்லை. மலை மலையாக எழுத்துக்களைப் படித்து, அடுத்து எந்த வார்த்தை வரும் என்று கணக்குப் போட்டுப் போட்டுப் பேசப் பழகியவை. பாட்டிக்கு பீச் தெரியாது. பேரன் பீச்சைப் பற்றி பத்துப் பக்கம் எழுதுவான். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆசாமி? அவன் அதே ஆசாமிதான். 2022-ல் கூகுளில் ஒரு எஞ்ஜினீயர், தான் சோதித்துக்கொண்டிருந்த புரொகிராமுக்கு உணர்ச்சி இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். வேலை போயிற்று. இந்த மாதிரி மயக்கத்துக்கு 'எலிஸா விளைவு' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

வைஸன்பாம் 1996-ல் பெர்லினுக்கே திரும்பிப் போனார். 2008-ல் காலமானார். அவருடைய காகிதங்கள் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 2021-ல் சில ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து, தொலைந்துபோனதாக நினைத்திருந்த அசல் எலிஸாவின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார்கள். அந்தக் காலத்து ஐ.பி.எம். 7094 மெஷினைப் போலவே நடிக்கும் ஒரு புரொகிராமைப் பிடித்து, அதற்குள் எலிஸாவை ஏற்றி, 2024 டிசம்பரில் பாட்டியை மறுபடி பேச வைத்துவிட்டார்கள்.

பழைய பிழை ஒன்று அதில் அப்படியே இருக்கிறது. பழைய ஓவியத்தில் ஒரு தீற்றல் தப்பாக விழுந்திருந்தால் அதைத் திருத்துவார்களா என்று விட்டுவிட்டார்கள். என்ன பிழை? பேச்சில் எண்ணை அடித்தால் புரொகிராம் பொத்தென்று விழுந்துவிடும். அம்மா, அண்ணன், மேனேஜர், மனக்கஷ்டம் எல்லாவற்றையும் ஆற அமரக் கேட்கிற பாட்டியிடம், மாசச் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் எண்ணில் சொல்லிவிடாதீர்கள்.