கண்ணாடிக் குழலும் கள்ளக்குறிச்சி உளியும்

மரத்தைச் செதுக்கி விக்கிரகம் சமைக்கும் கள்ளக்குறிச்சிச் சிற்பிகளின் தொழிலுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தியாகதுருகத்து மலைக்கோட்டையை அன்றாடம் பார்த்தபடி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று. அந்தக் குறியீடு பெயரைக் காப்பாற்றும். வேறு எங்கோ செய்த சரக்கு இந்தப் பெயரில் விலைபோவதைத் தடுக்கும். ஆயினும், பூர்வீகக் கீர்த்தி ஒன்றை மட்டும் கொண்டு எந்தக் கலையும் நெடுநாள் ஜீவித்திருக்க இயலாது என்பதும், பழைய வேலையின் பெருமை குன்றாமலே உளிக்குப் புதிய வேலையும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். அத்தகைய புதிய வேலைகளுள் ஒன்றாகக் கலைடாஸ்கோப் என்னும் கண்ணாடிக் குழலை நம் சிற்பிகளின் முன் வைக்க விரும்புகிறேன்.

திருவிழாக் கடையில் அட்டைக் குழாயாக விற்பதும், மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, உடைந்த வளையல் துண்டுகளை ஒரு முனையில் அடைத்து, பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் செய்வதுமான அந்தப் பொருளையா சிற்பத்தோடு சேர்ப்பது என்று சிலர் கேட்கக்கூடும். அதையேதான் சேர்க்கச் சொல்கிறேன். ஆனால் தேர்ந்த கையொன்று மாதக்கணக்கில் உழைத்துச் செய்ததை.

ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானியான டேவிட் புரூஸ்டர், ஒளியைப் பற்றிய பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்த காலத்தில் இந்தக் குழலைக் கண்டறிந்து, 1817-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை பயன் தருமுன்பே அமைப்பின் ரகசியம் வெளிப்பட்டுவிட்டபடியால், லண்டனிலும் பாரிஸிலும் மூன்று மாதங்களுக்குள் ஏறக்குறைய 2 லட்சம் குழல்கள் விற்றதாகக் கணக்கிடப்பட்டும், அவருக்குக் கிடைத்த லாபம் சொற்பமே. 1870-களில் அமெரிக்காவில் சார்லஸ் புஷ் என்பவர், கடைசல் பிடித்த மரத்தாங்கியின்மேல் குழலை நிறுத்தி, திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகளை அதனுள்ளே இட்டார். குழலைச் சுழற்றி நிறுத்திய பிறகும் அக்குப்பிகளுக்குள் இருக்கும் காற்றுக் குமிழி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் அதிசயத்தால், வரவேற்பறையில் வைத்து விருந்தினருக்குக் காட்டத்தக்க அலங்காரப் பொருளாக அது உயர்ந்தது. பிற்காலத்தில், மகனைப் பறிகொடுத்த துயரத்தின் நடுவே இக்குழலில் ஆறுதல் கண்ட கோசி பேக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1985-இல் இதற்கென்றே கண்காட்சி நடத்தி, மறு ஆண்டில் புரூஸ்டர் பெயரால் ஒரு சங்கமும் நிறுவினார். ஜப்பானில் இதற்கெனத் தனி மியூசியங்களே இருக்கின்றன.

இந்தக் குழலைச் சிற்பம் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் அதன் வேலைப்பாட்டிலேயே உள்ளது. இரண்டு கண்ணாடிகளைச் சரியாக 30 பாகைக் கோணத்தில் பொருத்தினால் வட்டம் பன்னிரண்டு கூறுகளாகப் பிரிந்து ஆறு முனை நட்சத்திரமாக மலரும். 36 பாகையானால் ஐந்து முனை. மூன்று கண்ணாடிகளைச் சமபக்க முக்கோணமாக நிறுத்தினாலோ, காட்சிக்கு எல்லையே இல்லாமல் நாற்புறமும் ஒரே சித்திரம் விரிந்துகொண்டே போகும். இக்கோணம் மயிரிழை பிசகினாலும் கடைசிக் கூறு முதற்கூறோடு இசையாமல் நட்சத்திரம் பிளவுபட்டுத் தோன்றும். சாதாரண முகக்கண்ணாடியில் ரசப்பூச்சு பின்பக்கம் இருப்பதால், கண்ணாடியின் முன்பரப்பு ஒரு மங்கலான பிம்பத்தையும் ரசம் மற்றொன்றையும் தந்து, இரண்டு கண்ணாடிகள் கூடும் இடத்தில் ஒரு கறுத்த கோட்டை உண்டாக்கும். ஆகவே தேர்ந்த கைவினைஞர்கள் முன்பக்கமே பூச்சுள்ள கண்ணாடியைத் தேடி வாங்கி, தூசியோ விரல் ரேகையோ படாமல் உள்ளே அமைக்கிறார்கள். இந்தச் சூக்ஷ்மம் உள்ளே இருக்க, வெளியே கனம், பிடிமானம், சுழலும் முனையின் லாகவம், கண் வைக்கும் துவாரத்தின் உயரம் ஆகிய அனைத்தையும் சிற்பி யோசித்தாக வேண்டும். ரவிவர்மாவின் படத்தைப் போல எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகக்கூடியதன்று இது. கையில் எடுத்துத் திருப்பினால்தான் பூர்த்தியாகும் ஆகிருதி. விக்கிரகத்துக்குக் கண் திறப்பது ஸ்தபதியின் கடைசிக் காரியம். இங்கே அந்தக் கடைசிக் காரியத்தைப் பார்க்க வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சிற்பி ஒதுங்கிக்கொள்கிறார்.

இது அந்நிய தேசத்துச் சரக்கு, நம் சம்பிரதாயத்துக்கு ஒவ்வாதது என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் ஏற்கவில்லை. உற்சவமூர்த்தியை எழுந்தருளச் செய்து, எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஒரு மூர்த்தி எண்ணிறந்த மூர்த்திகளாய்ப் பெருகக் கண்டு பரவசமடைய, ஸ்ரீரங்கத்தில் கண்ணாடி அறை சமைத்தவர்கள் நம்மவர்களே. கேரளத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கித் தேய்த்து உருவாக்கும் உலோகக் கண்ணாடியில் பிம்பம் முன்பரப்பிலேயே விழுகிறது. அத்தொழிலின் மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் என்று அவ்வூர் மரபே கூறுகிறது. மேனாட்டுக் கைவினைஞர் விசேஷமாகத் தேடி வாங்கும் குணம், அண்டை மாநிலத்து உலையொன்றில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. கள்ளக்குறிச்சித் தேக்கிலோ வாகையிலோ செதுக்கிய குழலுக்குள் ஆறன்முளை உலோகம் அமையுமாயின், அதற்கு ஈடான பொருள் வேறெந்த தேசத்திலும் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே இடுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. வளையல் துண்டும், மயிற்பீலியின் இழையும், கல்வராயன் மலையடிவாரத்து வேலிகளில் படரும் குன்றிமணியும் போதும். குன்றிமணி நஞ்சுள்ளதாகையால் கண்ணாடிப் பேழையில் வைத்து முத்திரையிடுவது மட்டும் அவசியம். வெளிப்புறத்தைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு: இண்டு இடுக்கு விடாமல் யாளியும் கொடியுமாக நிரப்பிவிடாமல், வைரம் பாய்ந்த மரத்தின் ரேகை தெரியும்படி ஒரு பகுதியையாவது வெறுமையாக விட வேண்டும். கை பற்றும் இடம் வழுவழுப்பாக இருந்தாலன்றிக் குழலைச் சுகமாகத் திருப்ப முடியாது.

தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் இதனை எடுத்துக்கொள்ளுமானால், விற்பனைக்கென்று நூற்றுக்கணக்கில் மலிவுப் பதிப்புகளை அடித்துக் குவிப்பதிலிருந்து தொடங்கலாகாது. முதலில் சில சிற்பிகளையும், கண்ணாடிக் கோணம் அறிந்த ஒரு பௌதிக ஆசிரியரையும், ஆறன்முளைக் கம்மாளர் ஒருவரையும் ஒரே பட்டறையில் அமர்த்தி, பிழைபோன குழல்களுக்கும் சேர்த்தே நாட்கூலி கொடுத்து, ஓராண்டு அவகாசம் அளிக்க வேண்டும். அதில் தேறிய குழல்களை, நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கொன்றாக முதலில் கொடுப்பது உத்தமம். ஒளியின் பாடத்தைப் படிக்கும் பிள்ளை, அந்தக் குழலைச் செதுக்கியவரின் ஊர் தன் ஊருக்கு எத்தனை கல் தொலைவு என்பதையும் வாசிக்கும்படி அக்குழலின்மேலேயே பொறித்திருக்க வேண்டும்.